பியானோ கம்பிகளுக்கு நடுவே போல்ட்: சோதனை இசைக் கலைஞரின் வேலையும் வகுப்பும்

பெங்களூரில் நடக்கும் பியானோ நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளில் ‘சோதனை இசை’, ‘ப்ரிப்பேர்டு பியானோ’ (கம்பிகளுக்கு நடுவே பொருள்களைச் செருகித் தயார்செய்த பியானோ) போன்ற சொற்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு அனுப்பி, வருடா வருடம் கிரேடு தேர்வுக்குக் கட்டணம் கட்டிவரும் பெற்றோருக்கு இந்தச் சொற்கள் குழப்பத்தைத்தான் தருகின்றன. அதே ஆசிரியர் மேடையேறி, கிராண்ட் பியானோவின் மூடியைத் திறந்து, கம்பிகளுக்கு நடுவே போல்ட்டும் ரப்பர் துண்டும் செருகி வாசித்தால் கேள்விகள் வரிசைகட்டும். இது இசைதானா? லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி கெட்டுப்போகாதா? இப்படி வாசிப்பவருக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது? பிள்ளைக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நான்குக்கும் தெளிவான பதில் உண்டு. கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பியானோவுக்குள் இருப்பவை

பியானோவில் 88 கட்டைகள்; கம்பிகளோ ஏறக்குறைய 230. அடிமட்ட ஸ்வரங்களுக்குத் தாமிரம் சுற்றிய தடித்த கம்பி ஒன்று, அதற்கு மேல் சில ஸ்வரங்களுக்கு இரண்டு, மீதி பெரும்பகுதிக்கு ஒரே சுருதியில் கூட்டிய மூன்று மூன்று எஃகுக் கம்பிகள். எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் 18 முதல் 20 டன் வரும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம்.

கட்டையை அழுத்தினால் கம்பளி ஒட்டிய சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு உடனே விலகும். அதே நேரம் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் டாம்பர் என்ற அடக்கி எழும். விரலை எடுத்தால் டாம்பர் மீண்டும் இறங்கி ஒலியை நிறுத்தும். வலது பெடல் எல்லா டாம்பர்களையும் ஒரேயடியாகத் தூக்கும். கிராண்ட் பியானோவில் இடது பெடலை மிதித்தால் சுத்தியல் வரிசை முழுவதும் சற்றே வலப்பக்கம் நகரும். மூன்று கம்பிகளில் இடது ஓரத்துக் கம்பி அடிபடாமல் தப்பிக்கும். கடைசியாகச் சொன்ன இந்தச் சின்ன நகர்வை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு போல்ட் செய்யும் மாற்றம்

மீட்டிய கம்பி முழுநீளத்தில் ஆடும்போதே பாதியாக, மூன்றிலொரு பங்காக, நான்கிலொரு பங்காகவும் ஆடுகிறது. அதனால் அடிப்படை ஸ்வரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. இவை முழு எண் மடங்குகளாக இருப்பதால்தான் காது அதை ‘ஒரு ஸ்வரம்’ என்று அடையாளம் காண்கிறது.

கம்பியின் நடுவில் எங்காவது ஒரு போல்ட்டைச் செருகினால் அந்தப் புள்ளியில் எடை கூடுகிறது. போல்ட்டுக்கு இரு பக்கமும் உள்ள துண்டுகள் தனித்தனியாக ஆட முயல, முழு எண் மடங்கு என்ற ஒழுங்கு குலைகிறது. ஒரே கட்டையில் இரண்டு மூன்று தனிச்சுருதிகள் கலந்து, மணியும் தாளத்தட்டும் சேர்ந்தாற்போல் ஒலி வரும். போல்ட் சரியாக மூன்றிலொரு பங்கில் அமர்ந்தால், அந்தப் புள்ளியில் அசையாத அதிர்வுகள் பாதிக்கப்படாமல் தப்பி, தெளிவான மணியோசை கிடைக்கும். ரப்பர் எடையைவிட அதிகமாக அதிர்வை உறிஞ்சுகிறது. மேல் ஒலிகள் செத்து, மரப்பறை போன்ற தட்டொலி மிஞ்சும். போல்ட்டில் தளர்வாக ஒரு நட்டைப் போட்டால் அது துள்ளித் துள்ளிச் சலங்கைபோல் கலகலக்கும்.

இது நமக்கு அந்நியமான எண்ணமே இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை போடுவதும், கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவை அப்புவதும், தம்பூராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை வைத்து நகர்த்துவதும் இதே வகை வேலைதான். வெறும் தோலில் மேல் ஒலிகள் முழு எண் மடங்குகளாக வருவதில்லை. கரணையின் எடை அவற்றை இழுத்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920ல் இதைப் பற்றி எழுதத் தொடங்கி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது 1934ல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். நம் தாளக்கருவியின் முதல் ஐந்து ஒலிகள் இசைவான மடங்குகளில் அமைகின்றன என்று அதில் காட்டினார். கரணை, ஒழுங்கற்ற ஒலியை ஸ்வரமாக்குகிறது. பியானோ போல்ட், ஸ்வரத்தைத் தாளக்கருவியாக்குகிறது. இயற்பியல் ஒன்று, பயணிக்கும் திசை மட்டும் எதிரெதிர். மிருதங்கம் அடித்து வளர்ந்த காதுக்கு இந்த இசை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்று நம்ப இடமிருக்கிறது.

தொடக்கம் எப்படி

ஹென்றி கவல் (1897–1965) என்ற அமெரிக்கப் பியானோ கலைஞர்தான் மூடியைத் திறந்தவர்களில் முன்னோடி. உள்ளங்கையாலும் முழங்கையாலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைக் கொத்தாக அழுத்துவதை ‘க்ளஸ்டர்’ என்பார்கள். அதை முறையான உத்தியாக்கியவர் அவர். 1923ல் ‘ஏயோலியன் ஹார்ப்’ என்ற துண்டில் கம்பிகளை விரலால் நேரடியாக மீட்டினார். 1925ல் எழுதிய ‘தி பான்ஷீ’யை வாசிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உட்கார்ந்து வலது பெடலை மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர் பியானோவின் வளைவில் நின்று கம்பிகளை நீளவாட்டில் தேய்ப்பார்.

கவலிடம் படித்தவர் ஜான் கேஜ் (1912–1992). 1940ல் சியாட்டிலில் நடனக் கலைஞர் சிவில்லா ஃபோர்ட்டின் ஒரு நடனத்துக்குத் தாளக்கருவிக் குழுவோடு இசையமைக்க நினைத்தார். அந்தச் சிறிய அரங்கில் குழு உட்கார இடமில்லை. இருந்தது ஒரு பியானோ மட்டும். அதன் கம்பிகள் மேல் முதலில் ஒரு தட்டை வைத்தார், அது துள்ளி நகர்ந்தது. ஆணியைச் செருகினார், வழுக்கி விழுந்தது. மரை உள்ள திருகு மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்றும் மரையுள்ள போல்ட்டையும் திருகையும் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

அதன்பின் வந்த சிக்கலைக் கவனிக்க வேண்டும். சுருதியே நிலையாக இல்லாத கருவியில் ஸ்வரங்களை ஒன்றோடொன்று இசைவாக அடுக்கும் மேற்கத்திய ஹார்மனியை வைத்து ஒரு படைப்பைக் கட்டமுடியாது. எதை வைத்துக் கட்டுவது? கேஜ் கால அளவை எடுத்துக்கொண்டார். 1939ல் உலோகத் தாளக்கருவிகளுக்கு எழுதிய ‘ஃபர்ஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ 16 பார்கள் (தாள அளவுகள்) கொண்ட 16 பகுதிகளாக அமைந்தது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 4, 3, 2, 3, 4 என்று பிரிவு. 16 பகுதிகளும் அதே 4, 3, 2, 3, 4 என்று தொகுப்பு. சிறிய அலகின் கணக்கும் முழுப் படைப்பின் கணக்கும் ஒன்றே. கோர்வை கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் இதை ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள். ‘மனம்போன போக்கில் தட்டுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

1946–48ல் அவர் எழுதிய ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ தான் இந்த வகையின் உச்சம் என்பது என் கணிப்பு. 16 சொனாட்டாக்கள், 4 இடையிசைகள். 45 ஸ்வரங்களைத் தயார்செய்ய வேண்டும். ஸ்வரத்தாளின் முன்னால் ஓர் அட்டவணை: எந்த ஸ்வரம், என்ன பொருள், எந்த இரு கம்பிகளுக்கு நடுவே, டாம்பரிலிருந்து எத்தனை அங்குலம் என்று அதில் நிரல்கள் இருக்கும். பொருள்களில் திருகுகளும் பல வகைப் போல்ட்களுமே மிகுதி. 15 ரப்பர் துண்டுகள், 4 பிளாஸ்டிக் துண்டுகள், நட்டுகள், ஓர் அழிரப்பர் ஆகியவை மீதி.

தயார்செய்யும் முறை, கெடும் இடங்கள்

மேற்சொன்ன படைப்புக்குப் பியானோவைத் தயார்செய்ய 2 முதல் 3 மணி நேரம் பிடிக்கும். அரங்கத்தை மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு 5 மணிக்குத் திறந்துவிடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னால் நிகழ்ச்சி அப்போதே கெட்டுவிட்டது. வரிசை இதுதான்.

1. ட்யூனிங் (சுருதி கூட்டுதல்) முதலில். பொருள்களைச் செருகியபின் கம்பி தன் சுருதியைக் காட்டாது. ட்யூனர் எதைக் கேட்டுக் கூட்டுவார்? முந்தைய நாளோ காலையிலோ ட்யூனர் வந்து போயிருக்க வேண்டும்.

2. பொருள்களைக் கழுவுதல். எஸ்.பி. ரோட்டில் வாங்கும் புதுப் போல்ட்டில் இயந்திர எண்ணெய்ப் படலம் இருக்கும். அது கம்பியில் ஒட்டினால் தூசு சேரும். தாமிரச் சுற்றுக்குள் இறங்கினால் அந்தக் கம்பி மந்தமாகிவிடும். கம்பியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சோப்புநீரில் கழுவி, முழுக்கக் காயவைக்க வேண்டும். பித்தளை எஃகைவிட மென்மையானது என்பதால் கம்பியைக் கீறாது. முடிந்தவரை பித்தளையே நல்லது.

3. வெறுங்கையால் கம்பியைத் தொடக்கூடாது. வியர்வையின் உப்பு எஃகில் துரு ஏற்றும். மழைக்காலத்தில் ஈரம் கூடும் பெங்களூரில் இது இன்னும் வேகமாக நடக்கும். பருத்திக் கையுறை போதும்.

4. வலது பெடலை மிதித்தபடியே வேலை. டாம்பர்கள் கீழே இருக்கும்போது கம்பிகளை விலக்கினால் டாம்பரின் ஆப்பு வடிவக் கம்பளி பிதுங்கும், சில நேரம் டாம்பர் கம்பியே வளையும். நிகழ்ச்சியின்போது ‘அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நிற்கவே இல்லை’ என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பெடலைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் நல்லது.

5. விலக்கு, வை, விடு. மர ஆப்பு அல்லது தட்டையான பிளாஸ்டிக் குச்சியால் இரு கம்பிகளையும் மெல்ல விலக்கி, போல்ட்டை இடையில் வைத்து, ஆப்பை எடுக்க வேண்டும். போல்ட்டைத் திருகித் திருகி உள்ளே ஏற்றினால் மரை ரம்பமாகிக் கம்பியை அறுக்கும். போல்ட் இடைவெளியைவிடச் சற்றே தடிமனாக இருந்தால் போதும். அதிகம் தடித்திருந்தால் கம்பி பக்கவாட்டில் வளைந்து, சுருதி ஏறி, போல்ட்டை எடுத்தபின்னும் பழைய இடத்துக்குத் திரும்பாது.

6. இடம். சுத்தியல் கம்பியை அடிக்கும் இடம் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு நீளத்தில் இருக்கும். அங்கே உலோகம் இருந்தால் சுத்தியலின் கம்பளி வெட்டுப்படும். பியானோவுக்கு நேரக்கூடிய உண்மையான சேதம் இதுதான். டாம்பருக்கு அப்பால், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பாலத்தை நோக்கிய பகுதியில்தான் வைக்க வேண்டும்.

7. ஆழம். போல்ட்டின் நுனி கீழே உள்ள ஒலிப்பலகையான சவுண்ட்போர்டைத் தொட்டால் ‘கர்ர்’ என்று ஒரு நடுக்கம் வரும். தலை பக்கத்து ஸ்வரத்தின் கம்பியைத் தொட்டால் இரண்டு கட்டைகளும் கெட்டுவிடும். இரண்டையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

8. காது. ஒரே அங்குல அளவு எல்லாப் பியானோவிலும் ஒரே ஒலியைத் தராது. 7 அடிப் பியானோவின் கம்பியும் 5 அடிப் பியானோவின் கம்பியும் ஒரே நீளமில்லை. ஆகவே அட்டவணையின் எண் கம்பியின் வேறு வேறு பங்கில் போய் விழும். அளந்து வைத்துவிட்டு, ஒரு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்திக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த எட்டாம் படியில் இருக்கிறது.

இடது பெடல் இப்போது பொருளுக்கு வருகிறது. போல்ட்டை இரண்டாம், மூன்றாம் கம்பிகளுக்கு நடுவே வைத்தால் இடது ஓரத்து முதல் கம்பி சுதந்திரமாக இருக்கும். சாதாரணமாக வாசித்தால் சுத்தமான ஸ்வரமும் உலோக ஒலியும் சேர்ந்து வரும். இடது பெடலை மிதித்தால் முதல் கம்பி தப்பிவிட, உலோக ஒலி மட்டும் கேட்கும். ஒரே கட்டையில் இரண்டு நிறங்கள்! அப்ரைட் பியானோவில் இடது பெடல் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவருமே தவிரப் பக்கவாட்டில் நகர்த்தாது. மேலும் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் தளர்வாக வைத்த எதுவும் கீழே விழும். அதனால் இந்தப் படைப்புகளுக்கு அப்ரைட் ஒத்துவராது.

நிகழ்ச்சி முடிந்ததும் அதே முறையில் விலக்கி எடுக்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே போனவை எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று பட்டியலோடு சரிபார்த்தே மூடியை மூட வேண்டும். சவுண்ட்போர்டில் மறந்துவிட்ட ஒரே ஒரு வாஷர், அடுத்த நாள் வாசிக்க வருபவரின் நிகழ்ச்சியை நாசமாக்கும். அரங்க நிர்வாகங்கள் மூடியைத் திறக்கவே விடாததற்குப் பெரும்பாலும் இத்தகைய கவனக்குறைவுதான் காரணம். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டு, முன்னும் பின்னும் ட்யூனர் பார்ப்பதற்கான செலவைக் கலைஞர் அல்லது ஏற்பாட்டாளர் ஏற்பதாக எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நியாயம். முறையாகச் செய்த தயாரிப்பு பியானோவைக் கெடுப்பதில்லை.

நம் பக்கம் இருந்து போனவை

இந்த இசை மேற்கில் முளைத்து மேற்கிலேயே வளர்ந்தது என்று நினைப்பது பாதி உண்மைதான். 1940களின் நடுவில் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க்கில் கேஜிடம் மேற்கத்திய இசை படித்தார்; பதிலுக்கு அவருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்விகத் தாக்கங்களுக்கு ஏற்றதாக்குவதற்கு என்று தம் குரு சொன்ன விடையைச் சொன்னார். கேஜ் வாழ்நாள் முழுவதும் இதைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்.

அதே காலத்தில் கேஜ் படித்த நூலாசிரியர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877ல் ஈழத்தமிழரான முத்துக் குமாரசுவாமிக்குப் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கலை அறிஞர். அவர் வழியாகக் கேஜுக்கு ரசக் கோட்பாடு அறிமுகமாயிற்று. ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ வீரம், சிருங்காரம், அற்புதம், ஹாஸ்யம், சோகம், பயம், கோபம், அருவருப்பு ஆகிய எட்டும், அவை அனைத்தும் போய்ச் சேரும் சாந்தமும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. எந்தச் சொனாட்டா எந்த ரசம் என்று அவர் குறிக்கவில்லை. பரத நாட்டியம் பார்த்துப் பழகியவர்கள் அதைத் தாங்களாகவே கேட்டுக் கண்டுபிடிக்க முயலலாம், நல்ல பயிற்சி.

கவலும் இந்தியாவுக்கு வந்தார். ‘மெட்ராஸ்’ என்று பெயரிட்ட அவருடைய 13ஆம் சிம்பனியில் ஜலதரங்கமும் தபலாவும் உண்டு. 1959ல் சென்னையில்தான் அது முதலில் வாசிக்கப்பட்டது. 1952ல் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பை முதலில் மேடையேற்றிய பியானோ கலைஞர் டேவிட் ட்யூடர், 1969ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சின்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைக்க உதவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அங்கே செய்த 1969–72 காலத்து ஒலிப்பதிவுகள் பல பத்தாண்டுகள் கழித்து 2023ல் தொகுப்பாக வெளியாயின. இந்தியாவில் இப்படி எதுவும் நடந்ததில்லை என்ற பேச்சுக்கு அந்த நாடாக்களே பதில்.

பிழைப்பு நடக்கும் விதம்

சோதனை இசையை மட்டும் விற்று வாழ்ந்தவர் மிகமிகக் குறைவு. கிரேடு தேர்வு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைப் பார்த்து ‘இவர் உண்மையான கலைஞராக இருந்தால் ஏன் வகுப்பெடுக்கிறார்’ என்று நினைப்பது சரியல்ல. இந்தத் துறையில் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கேஜ் நடன வகுப்புகளுக்கு வாசித்தார், நடனக் குழுவுக்கு இசையமைத்தார், நியூயார்க் நியூ ஸ்கூலில் 1950களின் பிற்பகுதியில் சோதனை இசையமைப்பு வகுப்பு எடுத்தார். காளான்களைப் பற்றிய அறிவால் 1959ல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாவில் 50 லட்சம் லிரா வென்றது அவருக்குக் கிடைத்த அபூர்வமான பெருந்தொகை. மார்ட்டன் ஃபெல்ட்மன் நாற்பது வயது தாண்டும்வரை குடும்பத்தின் துணித் தொழிலில் இருந்து, பிறகே பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கிறிஸ்டியன் உல்ஃப் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் நடத்தினார். 193 பக்கமும் கோட்டோவியமாகவே உள்ள ‘ட்ரீட்டிஸ்’ என்ற ஸ்வரத்தாளை 1963–67ல் வரைந்த ஆங்கிலேயப் பியானோ கலைஞர் கார்னீலியஸ் கார்டியூ, வரைகலை வடிவமைப்பில் சம்பாதித்து, 1967 முதல் லண்டன் ராயல் அகாடமியில் கற்பித்தார்.

பெங்களூரில் இன்று இப்படி ஒருவரின் வருமானத்தைப் பிரித்தால் தனி வகுப்புகளும் பள்ளி வகுப்புகளும் அடித்தளமாக இருக்கும். அதன்மேல் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் தேர்வு மாணவர்களுக்கும் பக்கவாசிப்பு, நடனம், நாடகம், குறும்படங்களுக்கான இசை, எப்போதாவது கலை நிறுவனங்கள் தரும் உதவித்தொகை. மேடைக் கட்டணம் கடைசியில்தான் வரும். ட்யூனர் செலவும் வண்டி வாடகையும் போனால் அதில் மிச்சம் சொற்பம்.

கற்பித்தலைப் பணத்துக்கான வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கேஜின் நியூ ஸ்கூல் வகுப்பில் மாணவர்கள் வாரந்தோறும் ஏதாவது எழுதிவந்து, கையில் கிடைத்த பொருள்களை வைத்து அங்கேயே வாசித்துக் காட்டுவார்கள், பிறகு பேசுவார்கள். அலன் காப்ரோ, ஜார்ஜ் பிரெக்ட், டோஷி இச்சியானகி எனப் பின்னாளில் பெயர்பெற்ற கலைஞர்கள் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். சோதனை என்றால் முடிவு முன்கூட்டியே தெரியாத செயல் என்பது கேஜின் விளக்கம். முடிவு தெரியாத ஒன்றைச் செய்து பார்த்து, கேட்டு, திருத்த ஒரு கூட்டம் வேண்டும். வகுப்பறை அந்தக் கூட்டம்.

வகுப்பில் பத்து நிமிடம்

ஹங்கேரியப் பியானோ ஆசிரியரும் இசையமைப்பாளருமான ஜார்ஜி குர்டாக் 1973ல் ‘யாட்டேகோக்’ என்ற குழந்தைகளுக்கான பியானோத் தொகுப்பை எழுதத் தொடங்கினார். அதில் முதல் பாடங்களிலேயே உள்ளங்கை, முஷ்டி, முழங்கை எல்லாம் வருகின்றன. ஐந்து விரல் ஸ்தானத்தில் ஒடுங்கி உட்கார்வதற்கு முன்பே குழந்தை முழுக் கட்டைப்பலகையையும் உடம்பால் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிரேடு 1லேயே தோள் இறுகிப்போன பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு இதன் அருமை தெரியும்.

45 நிமிட வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கினால் செய்யக்கூடியவை:

1. ஒலிக்காமல் அழுத்துதல். வலது கையால் நடு ஸ்தாயியில் ச, அந்தர காந்தாரம், ப மூன்றையும் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடிக்கவும். இடது கையால் இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ச-வைப் பலமாக அடித்து உடனே எடுக்கவும். அடிக்காத மூன்று ஸ்வரங்களும் மெல்ல ஒலிக்கும், ஏனென்றால் கீழ் ச-வின் 4, 5, 6 மடங்குகள் அவைதான். இப்போது அதற்கடுத்த கறுப்புக் கட்டையை அடிக்கவும். ஏறக்குறைய ஒன்றும் ஒலிக்காது. சுருதி சேர்ந்த தம்பூராவில் அந்தர காந்தாரம் தானாகக் கேட்பதன் காரணமும் இதுவே. டிஜிட்டல் பியானோவில், கம்பி அதிர்வை நகல்செய்யும் வசதி இருந்தால் மட்டும் இது நடக்கும்.

2. முன்கைக் கொத்து. ஒரு ஸ்தாயியின் வெள்ளைக் கட்டைகள் முழுவதையும் முன்கையால் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக அழுத்தி, ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்கவும். கையின் எடையே போதும். உயரத்திலிருந்து முழங்கையைப் போட்டால் கட்டையும் வலிக்கும், கையும் வலிக்கும்.

3. கடிகாரம் பார்த்து வாசித்தல். 60 விநாடியில் 5 ஒலிகள் மட்டும்: 0, 7, 15, 31, 52ஆம் விநாடிகளில். 31க்கும் 52க்கும் நடுவே உள்ள 21 விநாடி எந்தப் பிள்ளைக்கும் தாங்காது. அந்த இடைவெளியில் ஆட்டோ ஹார்னும் பக்கத்து வீட்டுக் குக்கரும் கேட்கும். கேட்டவற்றை எழுதச் சொல்லலாம்.

4. படத்தாள். ஒரு பக்கத்தில் கோடும் புள்ளியும் மட்டும் வைத்து ஒரு துண்டு எழுதி, இன்னொரு மாணவரிடம் கொடுக்க வேண்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர் குழம்பும் இடம் எதுவோ, அங்கே விதி தெளிவாக இல்லை என்று பொருள். அடுத்த வாரம் திருத்தி வரட்டும்.

ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி அமைப்புகளின் கிரேடு தேர்வுகளில் இவற்றுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் முதல் பயிற்சி காதுத் தேர்வுக்கும், மூன்றாவது பயிற்சி நிறுத்தங்களை முழுதாக எண்ணிக் காப்பதற்கும் நேரடியாக உதவும். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இதை நிறுத்திவிட்டுத் தேர்வுத் துண்டுகளில் இறங்குவதில் தவறில்லை.

பெற்றோர் ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தப் பயிற்சியில் பிள்ளை எதைக் கேட்கக் கற்கிறது, அடுத்த வாரம் என்ன மாற்றிச் செய்யச் சொல்வீர்கள். இரண்டுக்கும் குறிப்பான பதில் வந்தால் தயங்காமல் தொடரலாம். வீட்டுப் பியானோவில் போல்ட் வைத்துப் பார்க்கப் பிள்ளை ஆசைப்பட்டால், அப்ரைட்டின் மேல் பலகையை ஆசிரியர் எதிரில் மட்டும் திறந்து, நடு ஸ்தாயியில் மூன்று கம்பி உள்ள ஒரே ஒரு ஸ்வரத்தில், கம்பிகளுக்கு நடுவே இறுக்கமாக நிற்கும் ஒரு சிறிய ரப்பர் துண்டோடு தொடங்கச் சொல்லுங்கள். ட்யூனர்கள் ஒரு கம்பியை மட்டும் கேட்பதற்காக மற்றவற்றை அடக்கச் செருகும் ரப்பர் ஆப்பே அதற்குப் போதும்.